திறப்பதற்கு ஒரு நல்ல பூட்டு வேண்டும்

"பூட்டைத் திறப்பதும் ஒரு பொழுதுபோக்கா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டு அழைத்த தம்பியும் இதையேதான் கேட்டார். "அண்ணே, இலக்கியம், மொழிச் சிக்கல், வேலை வாய்ப்புன்னு எவ்வளவோ இருக்கே, பூட்டா?" என்றார். மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் எழுத இவ்விதழில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உள்ளனர். எனக்கு ஓரளவாவது தெரிந்தது பூட்டு. அதைப் பற்றியென்றால் எழுதுகிறேன் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிண்ணே, ஆனா திருடுறது எப்படின்னு எழுதிடாதீங்க" என்றார்.

இந்த அச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. ஆகவே முதலில் அதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சாவியில்லாமல், பூட்டுக்குச் சேதமில்லாமல், கை உணர்வை மட்டும் நம்பி ஒரு பூட்டைத் திறந்து பார்ப்பது பல நாடுகளில் சதுரங்கம் போன்ற ஒரு மூளை விளையாட்டு. ஜெர்மனியில் 1997ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு விளையாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டுவிட்டது. இதில் ஈடுபடுவோர் எந்த நாட்டில் இருந்தாலும் இரண்டு விதிகளைக் கைவிடுவதில்லை. ஒன்று, உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே. மற்றொன்று, உனக்கே சொந்தமானாலும் கதவிலோ பெட்டியிலோ பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதே.

இந்த இரண்டு விதிகளையும் ஏற்றுக்கொண்டால் ஒரு சிக்கல் எழுகிறது. ஊரெல்லாம் பூட்டு இருந்தும் நாம் தொடக்கூடிய பூட்டு ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்கினால்தான் உண்டு. எனவே, நல்ல பூட்டைத் தேடி வாங்குவதே இந்தப் பொழுதுபோக்கில் பாதி. அந்தப் பாதியைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். அதிலும் லீவர் பூட்டை மட்டும்.

லீவர் பூட்டின்மேல் எனக்கு ஏற்பட்ட ஈடுபாட்டுக்குக் காரணம் என் பாட்டி. நான் இரண்டாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பேராக்கில் இருந்த தோட்ட வீட்டைக் காலி செய்துவிட்டு அவர் எங்களோடு வந்து தங்கினார். கூடவே ஒரு தகரப்பெட்டியும் வந்தது. லாரியில் சாமான்களை ஏற்றி இறக்கியதில் பெட்டியின் சாவி எங்கோ விழுந்துவிட்டது. அப்பா, சாவிக்கடைக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் தம்மிடமிருந்த சாவிக்கொத்தை முழுவதும் போட்டுப் பார்த்தார். பிறகு கிரைண்டரை எடுத்தார். தீப்பொறி பறந்தது. ஐந்து நிமிடத்தில் பூட்டு இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

பெட்டியில் இருந்தவை சேலைகள், சில நிழற்படங்கள், விபூதிப் பொட்டலம், தாத்தாவின் பழைய அடையாள அட்டை. எல்லாரும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் துண்டுகளைப் பொறுக்கினேன். அறுபட்ட இரும்புக்குள் பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புத்தகத்தின் தாள்போல் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு, ஒவ்வொரு வெட்டும் வெவ்வேறு உயரத்தில். பூட்டின் முகத்தில் தமிழ் எழுத்தில் 'திண்டுக்கல்' என்று பொறித்திருந்தது. பாட்டி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "ஒங்க தாத்தா ஊர்லேர்ந்து கொண்டாந்த பூட்டுடா. மாடு அறுக்கிற மாதிரி அறுத்துப்புட்டீங்களே."

அந்தத் தகடுகள் என்ன செய்கின்றன என்று எனக்குப் புரிய மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பயில வந்த பிறகுதான் முழுமையாக விளங்கியது. இயன்றவரை எளிமையாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு தகடும் ஒரு முனையில் அச்சில் மாட்டப்பட்டிருக்கும். மறுமுனை மேலும் கீழும் அசையும். மெல்லிய வில் ஒன்று அதைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டேயிருக்கும். இத்தகடுதான் லீவர். பூட்டின் நாக்கில் ஒரு முளை உண்டு. நாக்கு பின்வாங்க வேண்டுமானால் அந்த முளை எல்லாத் தகடுகளின் வெட்டுகளுக்குள்ளும் ஒரே நேரத்தில் நுழைந்தாக வேண்டும். சாவியின் பல்லில் உள்ள ஒவ்வொரு படியும் ஒவ்வொரு தகட்டை அதற்குரிய உயரத்துக்குத் தூக்கும். ஒரு தகடு மயிரிழை குறைந்தாலும் முளை முட்டி நிற்கும். மயிரிழை கூடினாலும் நிற்கும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் பூட்டின் உயிரே இருக்கிறது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று செயல்படும் பூட்டுக்கு 1778ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராபர்ட் பேரன் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு தகட்டை எவ்வளவு தூக்கினாலும் போதும், பூட்டு திறந்துவிடும்.

சாவியில்லாமல் திறப்பவர் கையில் இரண்டு கம்பிகள் இருக்கும். ஒன்று நாக்கைத் திறக்கும் திசையில் இலேசாக அழுத்திப் பிடித்திருக்கும். மற்றொன்று தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் எல்லாத் தகடுகளும் முளையை ஒரே அளவில் தொடுவதில்லை. ஏதோ ஒன்று மட்டும் சற்று இறுகி நிற்கும். அதைத் தூக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நாக்கு மிகச் சிறிதளவு நகர்ந்ததை விரல் உணரும். பிறகு அடுத்தது. கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. வீணையில் சுருதி சேர்ப்பவர் கண்ணை மூடிக்கொள்வதுபோல் நானும் மூடிக்கொள்வேன். (என் தங்கை இதைப் பார்த்துவிட்டு, "அண்ணன் பூட்டுக்குப் பூசை செய்யுது" என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள்.)

இதை நன்கு உணர்ந்தால் 'நல்ல பூட்டு' என்பது என்ன என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். விரைவில் திறக்கும் பூட்டு நல்லதன்று. எக்காலத்திலும் திறக்காத பூட்டும் பயில்பவருக்குப் பயன்படாது. தகடுகள் நேராக வெட்டப்பட்டு, அச்சில் ஆட்டமில்லாமல் பொருந்தி, ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரம் கேட்டு, நாம் செய்யும் தவற்றுக்குத் தெளிவாக மறுமொழி சொல்லும் பூட்டே நல்ல பூட்டு. மட்டமான பூட்டில் தகடு ஆடும், வில் ஒருநாள் இறுகும் மறுநாள் தளரும். அது திறந்தாலும் ஏன் திறந்தது என்று தெரியாது. அதில் நூறு முறை பழகினாலும் நாம் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை.

கடைக்குப் போனால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். நம் நாட்டு வீடுகளின் கிரில் கதவுகளில் தொங்குபவை அநேகமாக ஊசிப் பூட்டுகள். சிறிய தட்டைச் சாவி போட்டுத் திறப்பவை. அமெரிக்காவின் யேல் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டில் செம்மைப்படுத்திய அமைப்பு அது. லீவர் பூட்டுக்கு வன்பொருள் கடையில் கேட்டால் "பெரிய சாவி போட்டதா?" என்று கேட்டுவிட்டு அடுக்கின் அடியிலிருந்து ஒன்றைத் தூசு தட்டிக் கொடுப்பார்கள். அப்படி நான் முதலில் வாங்கியது 12 ரிங்கிட். முகத்தில் '6 லீவர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டேன். ஒரே தூக்கலில் திறந்துகொண்டது. ஆகா, நமக்கு இத்தனை திறமையா என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் ஆணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தேன். ஆறு தகடுகள் இருந்தது உண்மைதான். அவற்றில் நான்கின் வெட்டு ஒரே உயரத்தில் இருந்தது. ஐந்தாவதற்கு வில்லே இல்லை. எண்ணிக்கைக்கு ஆறு, வேலைக்கு இரண்டு. பெயர்ப்பட்டியலில் அறுபது பேர் இருந்தும் நிகழ்ச்சியன்று நாற்காலி தூக்க நான்கு பேர் மட்டுமே வரும் ஏற்பாட்டுக் குழுவை நீங்களும் அறிவீர்கள். என் திறமையைப் பற்றிய எண்ணத்தை அன்றே மாற்றிக்கொண்டேன்.

ஆகவே என் முதல் கருத்து இது: புதிதாகத் தொடங்குபவர் முகப்பில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது. சாவியைப் பார்க்க வேண்டும். சாவியின் பல் ஓரத்தில் உள்ள படிகளை எண்ணுங்கள். கதவில் பதிக்கும் ஆங்கிலேயப் பூட்டு என்றால் ஒவ்வொரு லீவருக்கும் ஒரு படி, நாக்கைத் தள்ளுவதற்கு ஒரு படி என்று வரும். ஐந்து லீவர் பூட்டின் சாவியில் குறைந்தது ஆறு படிகளாவது தெரியும். அவை மேடும் பள்ளமுமாக வேறுபட்டிருந்தால் பூட்டுக்குள்ளும் வேறுபாடு இருக்கிறது என்று பொருள். படிகளெல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் பூட்டைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இரண்டாவது இடம் பழைய பொருள் சந்தை. இங்கேதான் எனக்கு அதிக மகிழ்ச்சியும் அதிக நட்டமும் ஏற்பட்டன. ஆங்கிலேயர் காலத்து அரசாங்கக் குடியிருப்புகளிலும் இரயில்வே வீடுகளிலும் துரைமார் பங்களாக்களிலும் இங்கிலாந்திலிருந்து வந்த லீவர் பூட்டுகளே கதவுகளில் பதிக்கப்பட்டன. அவற்றுள் பல, வில்லன்ஹால் என்ற சிற்றூரிலும் பக்கத்து வுல்வர்ஹாம்ப்டனிலும் செய்யப்பட்டவை. அந்தக் கட்டடங்கள் இடிபடும்போது கதவு மரக்கடைக்குப் போகிறது. பூட்டு பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ஒரு காலை முழுவதும் சுற்றி 'யூனியன்' என்று பொறித்த பூட்டு ஒன்றை 25 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். மூடியைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். பயில்பவருக்கு இது பெரும் வசதி. கழற்றலாம், தகடுகளைப் பார்க்கலாம், ஒரே ஒரு தகட்டை மட்டும் வைத்துப் பழகலாம், பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஆணி அடித்து மூடிய தொங்கு பூட்டில் இந்த வசதி இல்லை.

நட்டத்தையும் சொல்கிறேன். அதே சந்தையில் கைப்பிடி அகலச் சாவியோடு கன்னங்கரேல் என்றிருந்த ஒரு பூட்டைப் பார்த்து மயங்கினேன். 60 ரிங்கிட். வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே லீவரே இல்லை. சாவி சுற்றும் வழியில் இரண்டு வளையத் தடுப்புகளை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். தடுப்புக்கு ஏற்ற பள்ளம் உள்ள எந்தக் கம்பியும் அதைத் திறக்கும். பெரிய சாவி என்றாலே லீவர் பூட்டு என்று நினைத்தது என் பிழை. அது இப்போது என் மேசைமேல் தாள்களுக்குப் பாரமாக இருக்கிறது. அதற்கேற்ற எடையுள்ள பூட்டுதான்.

சந்தையில் வாங்கும்போது சாவியோடு இருப்பதையே வாங்குங்கள். சாவியில்லாத பூட்டு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது எந்தக் கதவிலிருந்து வந்தது, உள்ளே உடைந்திருக்கிறதா என்பதெல்லாம் தெரியாது. சாவியைப் போட்டுச் சுற்றும்போது நாக்கு தயங்காமல் வெளிவந்து தயங்காமல் உள்ளே போக வேண்டும். காதருகே வைத்து மெல்லக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று ஒலித்தால் வில் ஒடிந்திருக்கலாம். வாங்கி வந்ததும் தேங்காய் எண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்! நம் வீடுகளில் சைக்கிள் முதல் தையல் இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. பூட்டுக்குள் அது நாளடைவில் பிசினாகித் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பென்சில் கரியைத் தூளாக்கித் தூவினால் போதும்.

பழைய பூட்டைத் தேடுபவருக்கு அதன் வரலாறும் கொஞ்சம் தெரிந்திருந்தால் தேடல் சுவைக்கும். 1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் கள்ளச்சாவி போட்டு ஒரு திருட்டு நடந்தது. சாவியில்லாமல் திறக்க முடியாத பூட்டு வேண்டும் என்று அரசாங்கம் பரிசு அறிவித்தது. அடுத்த ஆண்டே ஜெரமையா சப் என்பவர் ஒரு லீவர் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒரு தகட்டை யாராவது அளவுக்கு மீறித் தூக்கினால் ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதற்கென்றே உள்ள தனிச் சாவியைப் போட்டால்தான் விடும். அதாவது, 'நீ இல்லாத நேரத்தில் யாரோ என்மேல் கை வைத்தார்கள்' என்று பூட்டே உரிமையாளரிடம் சொல்லிவிடும். பூட்டுத் தொழில் தெரிந்த ஒரு கைதியிடம் அதைக் கொடுத்து, திறந்தால் விடுதலை என்றார்களாம். இரண்டு மூன்று மாதம் போராடிவிட்டுக் கைவிட்டாராம் அந்தக் கைதி.

முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்தப் பெருமை நின்றது. 1851இல் இலண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ், அந்தப் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் 25 நிமிடத்தில் திறந்தார். காட்டிக்கொடுக்கும் கொக்கியையே அவர் தமக்கு வழிகாட்டியாக்கிக் கொண்டார். எந்தத் தகடு எங்கே சிக்குகிறது என்பதை அதுதானே சொல்கிறது! அதே ஆண்டு, திறப்பவருக்கு 200 கினி தருவதாகப் பல்லாண்டுகள் கடைச் சன்னலில் சவாலாக வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டையும் பதினாறு நாள்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். இலண்டன் நாளேடுகள் கொதித்தன. இப்படிப் பகிரங்கமாகத் திறந்து காட்டினால் திருடர்களுக்குப் பாடம் நடத்துவதாகாதா என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு. நடந்தது என்னவென்றால், அதன் பிறகு பூட்டு செய்பவர்கள் தங்கள் பூட்டைத் திருத்திக்கொண்டார்கள். முளையை ஏமாற்றிப் பிடிக்கும் பொய் வெட்டுகளும் துளையை மறைக்கும் சுழல் திரையும் லீவர் பூட்டுகளில் பெருகின. இன்று பிரிட்டனில் பி.எஸ். 3621 என்ற தரமுத்திரை உள்ள கதவுப் பூட்டைத்தான் காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்கின்றன. அந்த முத்திரையுள்ள ஐந்து லீவர் பூட்டு கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் ஆண்டிலேயே அதைத் தொட வேண்டாம். மனம் சோர்ந்துவிடும்.

இத்தனையும் தேடிய பிறகும் பாட்டியின் பூட்டு என் மனத்தைவிட்டு அகலவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு குடும்பத்தோடு பழநிக்குப் போனோம். மலேசியாவிலிருந்து பழநிக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். பழநி இருப்பதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான். ஆனால் நம்மவர்கள் திண்டுக்கல்லில் இறங்குவது பிரியாணிக்காக மட்டுமே. எங்கள் பேருந்தும் அதற்காகத்தான் நின்றது. எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் போதும் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். "பூட்டுப் பட்டறையா? கடைக்குப் போலாம் சார், அங்க நெறயா இருக்கும்" என்றார் ஓட்டுநர். கடை வேண்டாம், செய்கிற இடத்துக்குப் போங்கள் என்றேன்.

சிறிய அறை. மூவர் உட்கார்ந்திருந்தார்கள், மூவருக்கும் வயது ஐம்பதுக்கு மேல். ஒருவர் இரும்புத் தகட்டை வெட்ட, ஒருவர் வளையத்தைத் தட்ட, மூத்தவர் அரத்தை வைத்துச் சாவியை அராவிக்கொண்டிருந்தார். ஓர் அரம், ஒரு சுத்தி, ஒரு பிடிப்பான். வேறு இயந்திரம் என்று சொல்ல எதுவுமில்லை. மாங்காய் வடிவத்தில் இருப்பதால் மாங்காய்ப் பூட்டு என்று பெயர் பெற்ற பூட்டுகள் தரையில் கிடந்தன. பாட்டியின் பூட்டும் அதே வடிவம்தான்.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். மூத்தவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாவி இருக்கையில எதுக்குத் தம்பி கம்பியில தெறக்கணும்?" என்றார். நான் விளக்கினேன். என் கைப்பேசியில் இருந்த ஒரு படத்தைக் காட்டினேன். யூனியன் பூட்டின் உள்பக்கம். அவர் வாங்கி நெடுநேரம் பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கி ஒரு தகட்டைச் சுட்டி, "இது மெஷின்ல வெட்டுனது. எல்லாம் ஒண்ணாட்டமா இருக்கு பாருங்க. நம்மது ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது" என்றார். குறை சொல்கிறாரா பெருமை பேசுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே ஒரு பூட்டை எடுத்து வேறொரு பூட்டின் சாவியைப் போட்டுச் சுற்றினார். சாவி உள்ளேயே மாட்டிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை. சரியான சாவி இருப்பவர் வந்து பார்த்தால் யாரோ கை வைத்தது தெரிந்துவிடும் என்றார். இலண்டனில் காப்புரிமை வாங்கிய சப்பின் எண்ணமும் இந்த அறையில் அரம் பிடித்தவரின் எண்ணமும் வெவ்வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன! நான் சப்பின் கதையைச் சொன்னேன். "அப்படியா, அவங்களும் செஞ்சிருக்காங்களா" என்று அமைதியாகக் கேட்டுக்கொண்டார்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பழநிப் பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டில்தான். பஞ்சாமிர்தம் டப்பா டப்பாவாக விமானம் ஏறி நம் வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. பூட்டு வருவதில்லை. உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில் இயந்திரத்தில் செய்யப்படும் பூட்டுகள் விலை மலிவு. திண்டுக்கல் கடைகளிலேயே அவை அடுக்கியிருந்ததைக் கண்டேன். பட்டறையில் இருந்த மூவரின் பிள்ளைகளும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். "பூட்டு ஒழுங்காச் செஞ்சா அது அம்பது வருசம் ஒழைக்குது தம்பி. அப்புறம் யாரு திரும்ப வந்து வாங்குவா?" என்று சிரித்தார் பெரியவர்.

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கேதான் என் கருத்தைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூட்டை வாங்கிப் பெட்டியில் மாட்டுபவர் வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ வாங்குவார். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குக் கவலையில்லை. கையால் அராவிய தகட்டுக்கும் அச்சில் அடித்த தகட்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க ஆயத்தமாக இருப்பவர் எங்களைப் போன்ற பைத்தியக்காரர்கள்தாம். இங்கிலாந்துப் பூட்டுக்கு அஞ்சல் செலவையும் சேர்த்து நூற்றுக்கணக்கில் கொடுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. திண்டுக்கல் பூட்டைக் காட்டினால் "இது ஒரு மாதிரியா இருக்கே, அளவு ஒத்து வராதே" என்கிறார்கள். அளவு ஒத்து வராததுதானே நாம் தேடுவது! ஒன்றைத் திறந்த பழக்கம் அடுத்ததற்கு உதவாது. ஒவ்வொன்றும் புதிய வினாத்தாள். ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் வாங்கிய ஐந்தில் ஒன்றின் வில் மூன்றே மாதத்தில் ஒடிந்தது. மற்றொன்றில் வளையம் சரியாக அமரவில்லை. கைவேலை என்பதற்காக எல்லாமே உயர்வு என்று நான் சொல்ல மாட்டேன். பட்டறையில் உட்கார்ந்து சாவியைப் போட்டுப் பார்த்துப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

இனி, தம்பியின் அச்சத்துக்குத் திரும்புகிறேன். நான் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது விடுதியில் ஓர் அறையிலிருந்து மடிக்கணினி ஒன்று காணாமல் போனது. மறுநாள் காலை விடுதி அலுவலகத்துக்கு என்னை அழைத்தார்கள். 'பூட்டு திறக்கிறவன்' என்று என் பெயரைச் சொன்னவர் வேறு யாருமல்லர். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட நம்மவர். என் பெட்டியை எடுத்துவரச் சொன்னார்கள். எடுத்துப் போனேன். நான்கு பூட்டுகள், ஆறு கம்பிகள், அளவுகள் குறித்த ஒரு நோட்டுப் புத்தகம். அறைக் கதவில் இருப்பது ஊசிப் பூட்டு, என் கம்பிகள் அதற்குள் நுழையவே நுழையா என்று விளக்கினேன். அதிகாரி என்னோடு அந்த அறைக்கு வந்து பார்த்தார். கதவோரச் சன்னலில் ஒரு கண்ணாடிச் சட்டம் கழன்றிருந்தது. கையை விட்டு உட்பக்கக் குமிழைத் திருகியிருக்கிறார்கள். பூட்டை யாரும் தொடவேயில்லை. அதிகாரி என் யூனியன் பூட்டைக் கையில் வாங்கி, மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்ன நண்பர் மட்டும் பட்டம் பெறும் நாள்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வானொலியைப் பிரித்துப் போட்டால் "பையன் எஞ்சினியராவான்" என்கிறோம். பூட்டைப் பிரித்துப் போட்டால் வேறு பெயர் வைக்கிறோம். நம் இளைஞர்களைப் பற்றி வெளியார் என்ன நினைக்கிறார்கள் என்று பேரவை மேடைகளில் வருந்திப் பேசும் நாமே முதலில் அப்படி நினைக்கிறோமே என்பதுதான் அன்று எனக்கு வலித்தது. உரிய காரணமின்றி வீடு புகும் கருவிகளை வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். அச்சட்டம் தேவையானது என்பதே என் எண்ணமும். ஆகவே என் கம்பிகள் இப்போது வீட்டை விட்டு வெளியே போவதில்லை. பூட்டு வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். இந்த முன்னெச்சரிக்கையை எல்லாம் ஏற்கிறேன். ஆனால் ஆர்வத்தைக் கைவிட வேண்டும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். இன்று இப்பொழுதுபோக்கில் இறங்க விரும்பும் தம்பி தங்கையர் இருந்தால், சந்தையில் ஒரு பழைய மூன்று லீவர் கதவுப் பூட்டில் தொடங்குங்கள். ஊருக்குப் போகும் உறவினரிடம் ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். முதலில் கழற்றுங்கள், பிறகு திறங்கள்.

அன்று பட்டறையில் நான் வாங்கிய ஐந்தில் நான்கு எனக்கு. ஐந்தாவது பாட்டிக்கு. ஊருக்குத் திரும்பியதும் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பூட்டின் முகத்தில் இருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். தகரப்பெட்டியில் மாட்டினார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். அது எத்தனை லீவர், எந்தத் தகடு முதலில் இறுகும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் பூட்டுமன்று, பயன்பாட்டிலும் இருக்கிறது. கூடத்தில் நடக்கும்போது நான் பெட்டிப் பக்கம் பார்வையைத் திருப்பினாலே போதும், பாட்டியின் கை முந்தானைக்குப் போய்விடும். "அதத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்பார்.